மொட்டைப்பாறையில் ஈரச்சேலை

மதினி,

இந்த வாரம் முழுக்க வெயில் முகமே காட்டவில்லை. பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறேன். காயப்போட்டிருக்கிறேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஃபேன் காற்றில் சேலையெல்லாம் ஆடுகிறதே தவிரக் காய்ந்தபாடில்லை. இன்று விடிந்ததும் கூடத்துக்கு வந்தேன். ஈரப் பருத்தியின் மக்கல் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. காப்பி போட மறந்து அப்படியே நின்றேன். அது உங்கள் வாடை மதினி. நீங்கள் பூசிய பவுடரும் வைத்த பிச்சிப்பூவும் இருக்க, உங்களை நினைத்தால் எனக்கு நனைந்த சேலை வாடைதான் முதலில் வருகிறது. என்ன செய்ய, அன்றைக்கு மொட்டைப்பாறையில் என் மூக்குக்கு நேரே இருந்தது அதுதானே.

காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் மகன் சேதி போட்டிருக்கிறான். சென்னையிலிருந்து கூட்டாளிகளோடு வருகிறானாம். சனிக்கிழமை நம் சாஸ்தா மலைக்கு ஏறுகிறார்களாம். மேகம் காலுக்குக் கீழே மிதக்குமாம். எனக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது என்று குரலிலேயே பேசி அனுப்பினேன்.

“ஏலே, மேகம் போட்டோவுல பாக்க நல்லாத்தான் இருக்கும். அதுக்குள்ள நின்னு பாத்திருக்கியா நீ? காலைல வெயிலடிக்குதேன்னு ஏமாந்துராத. மத்தியானம் திரும்புனா அது வேற மலை. நீ நிக்குத எடத்துல ஒரு சொட்டு விழாது, மேல பெஞ்ச மழ ஓடையில வந்து நிக்கும். பாறையெல்லாம் பாசி. பொழுது வெள்ளனவே மலைக்கு அங்கிட்டு எறங்கிரும். சும்மா வீட்ல கெட.”

“ரெயின்கோட் இருக்கு அத்தை” என்று பதில் வந்தது. கூடவே பல்லைக் காட்டுகிற பொம்மை ஒன்று. அப்படியே நீங்கள்தான். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் அந்த மலைக்குப் போனபோது அவன் காலேஜ் விடுதியில் இருந்தான். வந்த பிறகு நாம் அவனிடம் சொன்னதெல்லாம் சாஸ்தா வேட்டிக் கதை. அதைக் கல்யாண வீட்டுப் பந்தியிலும், காதுகுத்து வீட்டிலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவளிடமும் நீங்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி, அதில் நீங்கள் சாகக் கிடந்தீர்கள் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணனுக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன வருடம் அது. வயலுக்கும் ஆற்றுக்கும் நடந்தே பழகிய மனுஷன் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நீங்கள் யாரிடமும் கேட்காமல் ஒரு நேர்ச்சை நேர்ந்துவிட்டீர்கள். கால் தப்பினால், வருடம் திரும்புவதற்குள், அடிவாரத்து ஓடையில் முங்கி எழுந்து, அந்த ஈரச்சேலையோடு மலையேறி, நம் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைப்பதாக. பொங்கல் பொங்கும் வரைக்கும் ஈரம் மாற்றக்கூடாது. கால் தப்பியது. ஒரு விரலோடு போயிற்று. “விரல் சாஸ்தாவுக்கு, காலு எனக்கு” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நீங்கள் சொன்னபோது, அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

நம் ஆட்கள் அந்த மலைக்குப் போவது பங்குனியில். பங்குனி வெயிலில் ஈரச்சேலை இரண்டு வளைவு ஏறுவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். அந்த வழக்கமே அந்த வெயிலை நம்பி உண்டானது. ஆனால் பங்குனியில் அண்ணனுக்குப் புண் ஆறவில்லை. ஆடியிலும் ஆறவில்லை. ஆறி, நன்றாக நடக்கத் தொடங்கியபோது கார்த்திகை முடிந்துவிட்டது. வருடம் திரும்பப் போகிறதே என்று நீங்கள் தவித்தீர்கள். சித்தப்பா அங்கே இங்கே அலைந்து, வனத்துறையில் மார்கழியில் ஒரு பகலுக்கு மட்டும் அனுமதி வாங்கினார். பங்குனியில் செய்வதை மார்கழியில் செய்கிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது ஆச்சரியமும் இல்லை. நமக்குத் தெரிந்த அபாயமெல்லாம் வெயில்தான். நெல்லைக்காரர்களுக்குக் குளிர் என்றால் போர்வையை இழுத்து மூடி இன்னும் கொஞ்சம் தூங்குகிற சுகம், அவ்வளவுதானே.

அன்று காலையில் வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. மலை கிட்டத்தில் தெரிந்தது. நீங்கள், அண்ணன், நான், பூசை செய்ய சித்தப்பா, வனத்துறை கூட அனுப்பிய வாட்சர், ஆக இவ்வளவு பேர்தான். ஓடையில் முங்கி எழுந்து, பல் தந்தியடிக்கச் சிரித்துக்கொண்டே கரையேறினீர்கள்.

“ஏளா கோமு, நீயும் ஒரு முங்கு முங்கேன். புண்ணியம்லா?”

“உங்க புண்ணியத்த நீங்களே வச்சிக்கிடுங்க மதினி. எனக்குச் சளி பிடிச்சா யாரு பாக்கது?”

“ஆஸ்பத்திரிக்காரிக்குச் சாமியாவது பூதமாவது” என்று என் மேல் தண்ணீரைத் தெறித்துவிட்டு முன்னால் நடந்தீர்கள்.

ஏறும்போது உங்களுக்குக் குளிரவே இல்லை. ஏற்றத்தில் உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஆனால் மரங்களுக்குள் வெயில் இறங்கவில்லை. சேலை காயவில்லை, மேற்கொண்டு வேர்வை வேறு. அதை யார் கவனித்தார்கள்? நீங்கள்தான் வாயை மூடவில்லையே. பக்கத்து வீட்டுக்காரி அப்பளத்துக்கு உளுந்தோடு என்னத்தைக் கலக்கிறாள் என்பதில் தொடங்கி, நான் கட்டாத கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டீர்கள். நடுவில் காலில் அட்டை ஏறிய போதெல்லாம் ஓர் அலறல். வாட்சர் உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தார்.

மரங்கள் முடிந்து மொட்டைப்பாறையில் கால் வைத்ததும் காற்று முகத்தில் அறைந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இடைவெளி வழியாக, தடுப்பார் இல்லாமல் வருகிற காற்று. கூடவே மேகம். போட்டோவில் பார்க்கிற மேகம் இல்லை. பத்தடி முன்னால் நடந்த அண்ணனைக் காணோம், குரல் மட்டும் வந்தது. தூறல் என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது, கண்ணிமையெல்லாம் நனைந்தது. சேலை உங்கள் காலைச் சுற்றிப் பின்னிக்கொண்டது. பாசிப் பாறையில் நான் ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தேன். நீங்கள் கேலி செய்யவில்லை. பேச்சை நிறுத்திவிட்டீர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது.

பிறகு ஆடத் தொடங்கினீர்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் ஓர் ஆட்டம். பல் கிட்டி, கை உதறி, குங்குமம் கரைந்து மூக்கில் வழிய நின்று ஆடினீர்கள். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“அருள் வந்துட்டு! ஏலே, ஓடியா! உன் பெண்டாட்டி மேல சாஸ்தா எறங்கிருக்கான்லே!”

நெற்றி நிறைய விபூதியை அப்பி, “சொல்லு தாயி, என்ன வேணும், சொல்லு” என்று கேட்டார். அண்ணன் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வாட்சர் கும்பிட்டார். நம் வீட்டில் யாருக்கும் அருள் வந்ததே கிடையாது. ஆனாலும் அந்த மேகத்துக்குள், அந்தக் காற்றில், உங்கள் கோலத்தைப் பார்த்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீங்கள் நாக்கு குழற, “வீட்டுக்கு… வீட்டுக்கு…” என்றீர்கள். “வீட்டுக்கு வரேங்கான் சாஸ்தா” என்று சித்தப்பா அதற்கும் அர்த்தம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றது. “மலையேறிட்டாரு. இனிமே ஒன்னும் பயமில்ல, நடங்க” என்றார் சித்தப்பா. நீங்கள் நடக்கவில்லை. பாறையில் பைய உட்கார்ந்தீர்கள்.

“கோமு, புழுக்கமா இருக்குட்டி. நான் இங்கன கொஞ்சம் படுத்துட்டு வாரேன். நீங்க போங்க.”

அந்தக் காற்றில் புழுக்கமாம். தோளிலிருந்து சேலையைத் தள்ளப் பார்த்தீர்கள். குனிந்து உங்கள் பாதத்தைத் தொட்டேன். சேலைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டேன்.

எனக்குப் பழக்கம் பிரசவ வார்டில் மதினி. பச்சைப்பிள்ளையை அப்படித்தான் பார்ப்போம். பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் போர்த்தினால் போதும். வயிறும் சில்லென்று இருந்தால் ஒரு நொடி நிற்கக்கூடாது. குளிர்ந்துபோன பிள்ளை அழாது. தூங்குகிறது என்று பெற்றவள் சந்தோஷமாக மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். உங்கள் வயிறு அப்படி இருந்தது.

“சித்தப்பா, இது சாமி இல்ல. குளுரு. ஆட்டம் நின்னதுதான் ஆபத்து. மதினி செத்துருவாங்க” என்று கத்தினேன்.

“கோட்டி மாதிரிப் பேசாதட்டி. குளுருல நம்ம ஊர்ல எவன் செத்திருக்கான்?”

“இது நம்ம ஊரா சித்தப்பா?”

அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. காற்று படாத ஒரு பாறையின் மறைவுக்கு வாட்சரும் அண்ணனும் உங்களைத் தூக்கி வந்தார்கள். ஆண்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுச் சேலையை அவிழ்க்கப் போனேன். சித்தப்பா திரும்பி நின்றபடியே பதறினார். “பொங்கல் வைக்காம ஈரத்த மாத்துனா நேர்ச்சை பலிக்காதுட்டி. அவன் கால் விசயம் இது!”

அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. கண் சொருகிக் கிடந்த நீங்கள் முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். பொத்தான் போட முடியாத அளவுக்கு விறைத்த விரல்களில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. “அவுக காலு… கோமு… அவுக காலு…” இதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். இழுத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், “லேபர் வார்டுல நான் பாக்காத ஒடம்பா, விடுங்க மதினி” என்று கெஞ்சிப் பார்த்தேன். விடவில்லை.

அண்ணன் வந்து உங்கள் முன்னால் மண்டியிட்டார். எல்லாருக்கும் முன்னால் உங்கள் பெயரைச் சொல்லக்கூடக் கூச்சப்படுகிற மனுஷன். உங்கள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

“ஏளா, இங்க பாரு. காலு என் காலு. போனாப் போகட்டும். நான் சொல்லுதேன், விடு.”

விரல் ஒவ்வொன்றாக விட்டது.

இனி உடுத்த என்ன இருக்கிறது? என் பையிலிருந்த மாற்றுத்துணி மேகத்திலேயே நனைந்திருந்தது. அண்ணன் சட்டை ஈரம். காய்ந்த துணி என்று அந்த மலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சாஸ்தாவுக்குச் சாத்த எடுத்த பட்டு வேட்டியும் துண்டும். சித்தப்பா பிளாஸ்டிக் கவருக்குள் கவர் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தாரே, அது.

“சாமிக்கு எடுத்ததுலே. மனுசி ஒடம்புல படலாமா?” சித்தப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் கையை நீட்டிக்கொண்டே நின்றார். சித்தப்பா கொடுத்தார். கொடுத்துவிட்டு, சட்டைக்குள் வயிற்றோடு செருகி வைத்திருந்த தலைத்துண்டையும் உருவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார். “தலைய மொதல்ல தொவட்டு” என்றார்.

துவட்டினேன். பட்டு வேட்டியைச் சுற்றினேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். குளிர்ந்த உடம்புக்குத் தானாகச் சூடாக முடியாது, இன்னொரு உடம்பு வேண்டும். வார்டில் பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் போட்டு மூடுவோம். நானும் ரவிக்கையைக் கழற்றிவிட்டு உங்களைக் கட்டிக்கொண்டேன். நீங்கள் என்னைப் போல இரண்டு மடங்கு. வாட்சர் தன் பிளாஸ்டிக் ஷீட்டை எங்கள் மேல் போர்த்தி ஓரத்தில் கல் வைத்தார். “யக்கா, ரெண்டு மடக்கு பிராந்தி இருக்கு, குடுக்கட்டா?” என்றார் பாவம். “குடுத்தா உள்ள இருக்குத சூடும் வெளிய போயிரும், கொண்டு போ” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். ஆண்கள் மூவரும் காற்று வருகிற பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்து முதுகால் அடைத்துக்கொண்டார்கள்.

பயந்தேன் மதினி. உங்களிடம் அதைச் சொன்னதே இல்லை. உங்கள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். கல்யாணமாகி நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து எனக்கென்று இருந்த ஒரே ஆள் நீங்கள். அம்மா செத்தபோது என் தலையைத் துவட்டி ஊட்டிவிட்டது நீங்கள். சாஸ்தாவைக் கும்பிடவில்லை, சண்டை போட்டேன். வேட்டிதானே, எத்தனை வேண்டும் சொல், இவளை விடு என்றேன்.

உங்கள் முதுகு லேசாக உதறியது. நின்றது. மறுபடியும் உதறியது. பிறகு பல் கிடுகிடுவென்று என் தோள் எலும்பில் இடித்தது. ஆட்டம் திரும்பி வந்துவிட்டது. அப்போதுதான் நான் அழுதேன். பொங்கலுக்குக் கொண்டுவந்த வெல்லத்தை உடைத்து, நீங்கள் விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துத் துணுக்குத் துணுக்காக வாயில் வைத்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு நீங்கள் பேசிய முதல் பேச்சு இது.

“ஏளா, ஒங்கையி என்ன இப்படிச் சொரசொரன்னு இருக்கு? எண்ண கிண்ண தேச்சா என்ன, மூதி.”

பிளாஸ்டிக்குக்கு வெளியே அண்ணன் விம்முகிற சத்தம் கேட்டது.

கோயிலுக்குப் போகவில்லை. மேலே கும்பிடு போட்டுவிட்டு இறங்கினோம். பட்டு வேட்டியைச் சுற்றி, தலையில் முண்டாசோடு நீங்கள் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அடிவாரத்து ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. தாண்டி மேட்டில் ஏறியதும் மேலேயிருந்து ஒரு இரைச்சல். திரும்பிப் பார்த்தால், காலையில் நீங்கள் முங்கிக் குளித்த கல்லைக் காணோம். இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் அக்கரையில் மாட்டியிருப்போம். “அவன்தான் நம்மளத் திருப்பி அனுப்பிருக்கான்” என்றார் சித்தப்பா. போகட்டும், அந்தப் பெருமையைச் சாமியே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பங்குனியில் போய்ப் பொங்கல் வைத்தோம். புது வேட்டியைச் சாத்தும்போது, “போன வேட்டி கொஞ்சம் நீளம் கூட, கட்டிப் பாத்துட்டேன்” என்று நீங்கள் சொல்ல, சித்தப்பாவே சிரித்துவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் மகன் மறுபடியும் பேசி அனுப்பியிருக்கிறான். “சரி அத்தை, போகல. அப்பாட்ட கேட்டேன், இப்பதான் எல்லாத்தையும் சொன்னாவ. அம்மா இவ்வளவு சொன்னதே இல்ல. அத்தை, ஒன்னு கேக்கணும். நீர்மாலை அன்னைக்கு நீங்க செஞ்சது அதனாலயா?”

அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

போன மார்கழியில் விடியும்போது அண்ணன் போன் செய்தார். “எழுப்புதேன், எந்திரிக்க மாட்டேங்கா” என்று மட்டும் சொன்னார். கல்லிடைக்குறிச்சியில் உங்கள் வீட்டுக்கு நான் வந்து இறங்கியபோது தெருவில் நாற்காலி போட்டாயிற்று. நேரே உங்களிடம் வந்து பாதத்தைத் தொட்டேன். வயிற்றைத் தொட்டேன். தெரிந்தேதான் தொட்டேன். அப்படியே மேலே விழுந்து கட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ, அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் பிடித்துத் தூக்கினார்கள்.

மத்தியானம் உங்கள் மகனும் பங்காளிகளும் ஆற்றுக்குப் போய் நீர்மாலைக் குடங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மார்கழி ஆற்றுத் தண்ணீர். குடத்தின் வெளிப்புறத்தைத் தொட்டாலே கை கூசியது. பெண்கள் நாங்கள் சேலையை மறைப்பாகப் பிடித்து உங்களைக் குளிப்பாட்ட நின்றோம். பெரியம்மா முதல் குடத்தைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

“இருங்க. வெந்நி வேணும்.”

“என்ன புள்ள பேசுத? எழவு வீட்ல அடுப்பு மூட்டலாமா?”

“வெந்நி இல்லாம ஊத்த விடமாட்டேன்.”

யாரோ, இவளுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றார்கள். என்னைப் பிடித்து நகர்த்தப் பார்த்தார்கள். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல். எழுந்து நிற்கவும் முடியாமல் நாற்காலியில் கிடந்த சித்தப்பா.

“அடுத்த வீட்டுல காய்ச்சிக் கொண்டாங்க. அவ சொல்லுத மாதிரி செய்யுங்க.”

ஒரு தவலை நிறையக் கொண்டுவந்தார்கள். ஆற்றுத் தண்ணீரில் அதை ஊற்றி நானே விளாவினேன். சூடு கூடிப்போயிற்று. கொஞ்சம் பச்சைத்தண்ணீர் சேர்த்தேன். பச்சைப்பிள்ளைக்குப் பார்ப்பது போல முழங்கையை நனைத்துப் பார்த்தேன். பிறகுதான் உங்கள் தலையில் ஊற்ற விட்டேன். அந்தச் சூடு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. பதமாகத்தான் இருந்தது மதினி.